வலி டாக்டருக்குக் கிளம்பிய அக்கா

வலிக்குன்னே ஒரு டாக்டர் இருக்காருன்னு முதல்ல கேட்டப்ப எங்க வீட்ல எல்லாரும் சிரிச்சோம். எங்க வீட்டுக்காரருக்கு எதுலயும் நையாண்டிதான். இனிமே கொட்டாவிக்கும் ஒரு டாக்டர் வருவான், தும்மலுக்கும் ஒருத்தன் வருவான்னாக. அக்காவும் சேந்துதான் சிரிச்சா. ஆனா சிரிக்கும்போதே இடது விலாவ விட்டுக் கைய அகலமா விலக்கிப் பிடிச்சிருந்தா. கை பட்டாக்கூட அந்த எடம் எரியும்.

அக்காவ ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு வாத்தியாருக்குக் கட்டிக் குடுத்திருந்துச்சு. நான் வாக்கப்பட்டது ராஜபாளையத்துல. தொண்ணூறுகள்ல ஒரு கோடைக்கு அவளுக்கு விலாவச் சுத்தி அக்கி வந்துச்சு. கொத்துக் கொத்தாக் கொப்புளம். எங்க பக்கம் அக்கின்னா டாக்டர்ட்ட போறதில்ல, பானை செய்யிற வேளார்ட்டதான் போவோம். அவரு காவியக் கரைச்சு, கோழி இறகால தொட்டு எழுதி விடுவாரு. கொப்புளமும் அடங்கிருச்சு. ஆனா அதுக்குப் பொறவுதான் வினையே. தோலு ஆறிப்போச்சு, எரிச்சல் ஆறல. சேலை உரசுனா நெருப்பு, ஃபேன் காத்துப் பட்டா நெருப்பு. எரிச்சல் கூடும்போதெல்லாம் மறுபடி போய் எழுதிட்டு வருவா. வேற என்ன செய்ய, பாவம்.

நடுவுல ஒரு தடவ அத்தான் அவள அவிய ஊர்லயே ஒரு டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போயிருக்காக. அந்த ஆளு காவியப் பாத்ததும் கொதிச்சுட்டாராம். வெளிய உக்காந்திருந்த அம்புட்டுப் பேருக்கும் கேக்குற மாதிரி, வாத்தியார் வீட்டுப் பொம்பளையே மேல மண்ணப் பூசிக்கிட்டு வந்தா மத்தவுகள என்ன சொல்றதுன்னு கத்தியிருக்காரு. அத்தானோட பழைய மாணவங்க ரெண்டு மூணு பேரு அங்க இருந்திருக்காங்க. அன்னைக்குத் தலையக் குனிஞ்சுக்கிட்டு வெளிய வந்தவதான். பொறவு ஒரு வருசத்துக்கு எந்த ஆஸ்பத்திரி வாசலயும் மிதிக்கல.

அவளால தூங்கவே முடியலன்னு ஆனப்பதான் இந்த வலி டாக்டர் பேச்சு வந்துச்சு. மதுரைல இருந்து மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை ராஜபாளையத்துக்கு வந்துட்டுப் போவாரு. எப்பிடியோ கெஞ்சிக் கூத்தாடி டோக்கன் வாங்குனேன். முந்தின நாளே அக்கா எங்க வீட்டுக்கு வந்துட்டா. அத்தான் காலைல நேரா ஆஸ்பத்திரிக்கு வாரேன்னுட்டாக.

பொண்ணு பாக்க வர்ற வீடு மாதிரி இருந்துச்சு அன்னைக்கு. நெஞ்சு வலியோன்னு முன்ன எப்பவோ எடுத்த எக்ஸ்ரே, இசிஜி எல்லாத்தையும் பைல எடுத்து வச்சோம். வலிய எப்பிடிச் சொல்லணும்னு ஒத்திகை வேற. குத்தல்னு சொல்லு, இல்ல கடுப்புன்னு சொல்லுன்னு நான் ஒண்ணு சொல்ல, அவ ஒண்ணு சொல்ல. மொளகா அரைச்சு அப்புன மாதிரி இருக்குன்னு சொன்னா. அதயே சொல்லு, அதத்தான் அவரு கேப்பாருன்னேன்.

சாயங்காலம் குளிக்கப் போனவ என்னயக் கூப்பிட்டா. முதுகப் பாத்தா, விலா வரைக்கும் செக்கச்செவேல்னு காவி. நாலு நாளைக்கு முன்னதான் எழுதிட்டு வந்திருக்கா. கடலை மாவு போட்டுத் தேச்சு எடுத்து விடுன்னா. எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. காத்துப் பட்டாலே துடிக்கிறவளுக்குத் தேச்சு விடணுமாம். இருந்துட்டுப் போகட்டும், அக்கி வந்துச்சு, எழுதுனோம்னு உள்ளதச் சொல்லு, இவரு பெரிய டாக்டரு, அந்த ஆளு மாதிரி கத்த மாட்டாருன்னு எம்புட்டோ சொன்னேன். அவ கேக்கல.

"ஏட்டி, வலியத் தாங்கிருவேன். அந்தப் பேச்ச இன்னொரு தடவ தாங்க மாட்டேன்" அப்பிடின்னா.

என்னால ஏலாதுன்னு நான் வெளிய வந்துட்டேன். அவளே துண்ட வாய்ல திணிச்சுக்கிட்டு, கை எட்டுன வரைக்கும் தேச்சிருக்கா. செத்த நேரம் கழிச்சு வந்தா, கண்ணு ரெண்டும் கோவைப்பழமாச் செவந்து போயிருந்துச்சு. நான் அவகூடப் பேசல. அவ சாப்பிட்டுப் படுத்துக்கிட்டா.

மறுநாள் துணைக்கு ஒருத்தர்தான் உள்ள வரலாம்னுட்டாங்க. அத்தான் போனாக. நான் வெளிய பெஞ்சுல அக்கா பைய மடில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். உள்ள நடந்தத அத்தான் பொறவு சொன்னாக. நிதானமான மனுசனாம், தன்மையாப் பேசுனாராம். மொளகா அரைச்சு அப்புன மாதிரின்னு அக்கா சொன்னதும் எழுதுறத நிறுத்திட்டு நிமுந்து பாத்தாராம். இந்த எடத்துல முன்ன எப்பவாவது கொப்புளம் வந்துச்சான்னு கேட்டிருக்காரு. அத்தான் அக்காவப் பாத்தாகளாம். அக்கா, இல்லிங்கய்யான்னுட்டா. நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மான்னு மறுபடி கேட்டிருக்காரு. மறுபடியும் இல்லிங்கய்யா. முதுகக் காட்டச் சொன்னதுக்கு முந்தானைய இழுத்து மூடிக்கிட்டாளாம். அவரும் ரவிக்கைக்கு மேலயே அமுக்கிப் பாத்துட்டு, முதுகெலும்புல நரம்பு அழுந்துது போலன்னு மாத்திரையும் முதுகுக்கு ஒரு பெல்ட்டும் எழுதிக் குடுத்திருக்காரு. அவரச் சொல்லி என்ன குத்தம்? ரெண்டு தடவ கேட்டாரே மனுசன்.

பெல்ட்ட ஒரு நாள்கூட அவளால போட முடியல. அவ்வளவு பெரிய டாக்டருக்கே தெரியல, இனி நம்ம தலையெழுத்துன்னு இருந்துட்டா. சொல்லுன்னு அத்தானும் சொல்லல. அவியளுக்கும் அந்த முதல் டாக்டர் கத்துன நாள் மறக்கல. நாலஞ்சு வருசம் அப்பிடியே கெடந்தா. கடைசில வேற ஏதோ காய்ச்சல்ல போனா, எரிச்சலும் கூடவே போச்சு.

அவ போன மறு வருசம் எனக்கு அக்கி வந்துச்சு. அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுனேன். வீட்ல வேற யாருக்காவது வந்திருக்கான்னு சும்மாதான் கேட்டாரு டாக்டர். சின்ன வயசுக்காரர்தான். எனக்கு அடக்க முடியல. வேளாரு, காவி, தேச்சுக் கழுவுனது, பொய் சொன்னது அம்புட்டையும் கொட்டிட்டேன். கொட்டிட்டு, திட்டுக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன். அவரு திட்டல. காவி எழுதுனதுல ஒண்ணும் கெட்டுப் போயிருக்காதும்மா, கொப்புளம் வந்துச்சுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா எரிச்சல் குறைய அன்னைக்கே மாத்திரை குடுத்திருப்பாங்கன்னாரு.

பாவி, அவரு திட்டியிருந்தாலாவது அக்கா பயந்தது சரிதான்னு மனசத் தேத்தியிருப்பேன்.