எங்கள் லயத்துக்கு வந்த ஆஸ்துமா

எனக்கு வந்த நோய்க்கு இங்கிலீசில் ஒரு பெயர் இருக்கிறது என்று தெரிந்த அன்று எங்கள் அப்பாவுக்கு வந்த பெருமையைச் சொல்லி மாளாது. அதுவரைக்கும் அது வெறும் இழுப்பு. பனிக்காலத்தில் எல்லாப் பிள்ளைக்கும் வருகிற சளிதான் என்று தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் சிவப்புத் தண்ணி மருந்து கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். நானும் குடித்துக்கொண்டே இருந்தேன். ஒரு தை மாத விடியலில் மூச்சு உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அதற்குப் பிறகுதான் டிஸ்பென்சரி ஐயா பயந்துபோய், டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்.

அங்கே டாக்டர் என் முதுகில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, இது ஆஸ்துமா என்றார். பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் அப்பா அந்தப் பெயரை வாய்க்குள்ளேயே சொல்லிப் பழகிக்கொண்டு வந்தார். இறங்கி நடக்கும்போது எதிரே வந்தவர்களையெல்லாம் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நீள வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அதுவரை யாருக்கும் இங்கிலீசு நோய் வந்ததில்லை. அன்று சாயங்காலம் நான் வாசல்பக்கத்து இஸ்தோப்புத் திண்ணையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்க, லயத்துப் பிள்ளைகள் சுற்றி நின்று என்னையே பார்த்தார்கள். இழுத்துக் காட்டு என்றான் ஒருவன். நானும் குறை வைக்காமல் இழுத்துக் காட்டினேன்.

இழுப்பு வந்தால் போட வெள்ளை மாத்திரை கொடுத்திருந்தார்கள். அது போக, புகை ஆகாது, தூசி ஆகாது, மழையில் நனையக் கூடாது. இந்த மூன்றும் இல்லாத இடம் எங்கள் தோட்டத்தில் துரை பங்களா ஒன்றுதான். டாக்டர் கடைசியாகச் சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. சித்திரை வரைக்கும் பார்ப்போம், விடியற்கால இழுப்பு நிற்காவிட்டால் இந்த மலைக் குளிரே பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம், சூடான ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்றார். சூடான ஊர் என்றால் எங்களுக்கு மாத்தளைதான். என் தாய்மாமன் அங்கே ஒரு கடையில் வேலையாக இருந்தார். மாமா தங்கமான மனுஷர். இருந்தாலும் அம்மா இல்லாத வீட்டில் நான் எப்படித் தூங்குவேன்? அதை நினைத்தாலே இழுப்பு இல்லாமலே எனக்கு மூச்சு முட்டியது.

அம்மாவுக்கும் என்னை அனுப்ப மனசில்லை. மறுநாளே அடுப்பைப் பெயர்த்து எங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் பின்பக்கம், வெட்டவெளியில் கொண்டுபோய் வைத்தார். அப்பாவின் சுருட்டு வாசலைத் தாண்டித் தண்ணீர் ஓடும் கான் ஓரத்துக்குப் போனது. சுருட்டோடு அப்பாவும் போனார். தண்ணீர் தெளிக்காமல் யாரும் வீடு கூட்டக் கூடாது. எனக்கோ ராஜ வாழ்க்கை. பீலிக்குப் போய்த் தண்ணீர் எடுக்க வேண்டாம், விறகு பொறுக்க வேண்டாம். ஓடாதே என்று சொல்வதற்காகவே ஒரு படை என் பின்னால் ஓடிவந்தது.

ஆனாலும் விடிந்தால் இழுப்பு வந்தது. வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்கு ஆள் கூப்பிடும் தப்பு மேளச் சத்தம் கேட்பதற்குக் கொஞ்சம் முன்னால், நாள் தவறாமல் வந்து நின்றது.

காரணம் எங்கள் எல்லாருக்கும் தெரியும். லயத்தில் ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே ஒரு ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு இடைவெளி. இந்த வீட்டுப் பேச்சும் தும்மலும் அந்த வீட்டுக்கு, அந்த வீட்டுக் கருவாட்டு வாசம் இந்த வீட்டுக்கு. பக்கத்துக் காம்பரா அத்தையுடையது. அத்தை அப்பாவின் கூடப்பிறந்த அக்கா, புருஷன் காலமான பிறகு தனி ஆள். பெரட்டுக்கு முன்னால் ரொட்டி சுட அவர் ஈரக் குச்சியை வைத்து ஊத ஊத, புகை சுவரேறி எங்கள் பக்கம் இறங்கிவிடும்.

வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்தது. ஆனால் அம்மாவுக்கும் அத்தைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அம்மா நட்ட மேரக்காய்க் கொடி வேலியைத் தாண்டி அத்தை பக்கம் போய்க் காய்த்ததில், காய் யாருக்கு என்று வந்த சண்டை அது. கொடி பட்டுப்போய் மண்ணாகியும் சண்டை மட்டும் பச்சையாக இருந்தது. அப்பா துரைக்கு முன்னாலேயே நிமிர்ந்து நின்று பேசுகிற ஆள். இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வரமட்டும் அவருக்குத் தைரியம் இல்லை. அம்மா மாத்திரையை நம்பினார். அதைவிட அதிகமாகச் சாம்பிராணியை நம்பினார். இழுப்பு கூடக் கூட, சாயங்காலம் என் தலையைக் கவிழ்த்துப் பிடித்துச் சாம்பிராணி போடுவதும் கூடியது. டாக்டர் புகை ஆகாது என்றாரே என்று அப்பா மெல்லக் கேட்டதற்கு, சாம்பிராணி சாமி காரியம், அது எப்படிப் புகைக் கணக்கில் சேரும் என்று அடித்துச் சொல்லிவிட்டார்.

அன்றும் அப்படித்தான் போட்டார். எனக்கு மூச்சு பிடித்துக்கொண்டது. அம்மா என் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அத்தையின் குரல் வந்தது. சுவர்மேல் எப்போதும் ஒரு பூனை படுத்திருக்கும். இரண்டு வீட்டிலும் தின்று இரண்டு வீட்டுக்கும் சொந்தமில்லாத பூனை. அத்தை அதனிடம்தான் பேசினார்.

"ஏ பூனை, டாக்டரு புகையே ஆகாதுன்னுதானே சொன்னாரு? சாம்பிராணின்னா அது புகை இல்லாம என்ன, பன்னீரா?"

அம்மாவும் அண்ணாந்து பூனையைப் பார்த்தார்.

"பூனை, விடிஞ்சா போதும், ஈரக் குச்சிய ஊதி ஊதி இந்தப் பக்கம் அனுப்புறவங்க எங்க சாம்பிராணியப் பத்திப் பேச வேணாம்னு சொல்லு."

சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்ட மாதிரி அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு எழுந்து, சாம்பிராணிக் கரண்டியை எடுத்துக்கொண்டுபோய்த் தண்ணீரில் கவிழ்த்தார்.

மறுநாள் விடிந்தது. தப்புச் சத்தம் கேட்டது. நான் படுத்தபடியே இழுப்புக்காகக் காத்திருந்தேன், அது வரவில்லை. அப்போதும் நம்பாமல் மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தேன். எழுந்து பின்பக்கம் போனால், எங்கள் அடுப்புக்குக் கொஞ்சம் தள்ளி அத்தை புதிதாக மூன்று கல் வைத்து, குந்தி உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தார். அம்மாவும் அவரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு ரொட்டி சுட்டார்கள்.

அன்று தொடங்கி எங்கள் பின்பக்கம் திருவிழாதான். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் ஒரு அடுப்பு அணையும், மற்றதிலிருந்து கொள்ளி எடுக்க வேண்டிவரும். பூனை பாடு கொண்டாட்டம். உப்பு, மிளகாய் எது வேண்டுமானாலும் அதனிடம்தான் கேட்டார்கள். வாசனை பிடித்து அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஒரு நாள் பூனை எங்கேயோ எலி பிடிக்கப் போயிருந்தது. குழம்பு கொதித்துவிட்டது.

"உப்பு இருக்கா?" என்றார் அத்தை, அடுப்பைப் பார்த்து.

"இருக்குங்க மதினி" என்றார் அம்மா.

சொன்ன பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் அம்மாவுக்குத்தான் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அத்தை வீம்புக்கு உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அப்பா கான் ஓரத்திலிருந்து சுருட்டும் கையுமாக ஓடிவந்து, என்ன ஆச்சு என்று திருதிருவென்று விழித்தார்.

சித்திரையில் டாக்டர் மறுபடியும் குழாயை வைத்துப் பார்த்தார். நெஞ்சு தெளிந்திருக்கிறது, பிள்ளை எங்கேயும் போக வேண்டாம் என்றார். மாத்திரையைக் கையோடு வைத்திருக்க வேண்டும், இழுப்பு அடியோடு போய்விட்டதென்று நினைத்துவிடக் கூடாது என்றும் சொன்னார். எனக்குக் காதில் விழுந்தது போக வேண்டாம் என்பது மட்டும்தான். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் ஓடாதே என்ற கட்டளையை மறந்து ஓடினேன். அத்தை பெரட்டுக்கும் போகாமல் அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தார். மாத்தளை இல்லை என்று நான் மூச்சு வாங்கச் சொன்னதும், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, ரொட்டி ஆறுகிறது, தின்னு என்றார்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. எங்கள் மலையில் மழை வந்தால் லேசில் விடாது. அப்பா நான்கு கம்பு நட்டு இரண்டு தகரத்தைப் போட்டுக் கொடுத்தார். அது அடுப்பைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. அத்தை தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, முதுகு நனைய நனைய உட்கார்ந்து ஊதுவார். நான் நனையாமல் உள்ளே வாசற்படியில் உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்குத்தான் சரியாகிவிட்டதே, இனியும் ஏன் வெளியே சமைக்கிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன்.

"உள்ள ஆக்குனா கொழம்பு ருசிக்க மாட்டேங்குது, புள்ள" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

நான் அதை அப்படியே நம்பினேன். பள்ளிக்கூடத்தில் இதற்காகச் சண்டைகூடப் போட்டிருக்கிறேன். மழையில் வெட்டவெளியில் வைக்கிற குழம்புக்கு உள்ளே வைக்கிற குழம்பு கிட்டே வராது, எங்கள் அத்தையே சொல்லியிருக்கிறார் என்பேன். கல்யாணமாகிப் போன பிறகும் அந்த நம்பிக்கை போகவில்லை. அத்தை காலமான வருஷம், ஒரு மழை நாளில், வீட்டில் எல்லாரும் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று கேட்கக் கேட்க, கொல்லையில் மூன்று கல் வைத்து, சாக்கைப் போட்டுக்கொண்டு ஒரு குழம்பு வைத்தேன். முதுகெல்லாம் நனைந்தது. புகையில் கண் எரிந்தது. இறக்கி வைத்து, கரண்டியில் எடுத்து ஊதி, வாயில் விட்டுப் பார்த்தேன்.

வழக்கமான குழம்புதான். உள்ளே வைக்கிறதைவிட ஒரு சொட்டு ருசி கூட அதிகமில்லை. அந்த மழையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.