குறைந்த விலைப்புள்ளியில் வந்த கிடா

ஞாயிற்றுக்கிழமை காலை. குடியிருப்பின் மோட்டார் அறைக்கு முன்னால் ஓலைப்பாய் விரித்து, வாழையிலை போட்டு, வீட்டுக்கு ஒரு கூறாக ஆட்டுக்கறி வைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு கூறிலும் ஈரல் ஒரு துண்டு, நெஞ்செலும்பு ஒரு துண்டு, கொஞ்சம் கொழுப்பு. எந்தக் கூறு பெரியது என்று கண்ணாலேயே எடை போட்டபடி, தூக்குவாளியும் கையுமாக அரசு ஊழியர்கள் சுற்றி நிற்கிறார்கள். நடுவில் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு, வீட்டு எண் எழுதிய சீட்டுகளைக் குலுக்குகிறவன் நான். பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொடாத சைவன். தொண்ணூறுகளின் நடுவில் சில மாதங்கள் என் ஞாயிற்றுக்கிழமைகள் இப்படித்தான் விடிந்தன. அதற்குக் காரணம் எங்கள் சிரஸ்தார்.

சிரஸ்தார் என்றால் எங்கள் அலுவலகத்தில் எழுத்தர்களுக்கெல்லாம் தலைவர். குண்டூசிப் பெட்டி வாங்குவதென்றாலும் மூன்று கடையில் விலைப்புள்ளி கேட்டு, குறைந்ததை ஏற்று, மற்ற இரண்டையும் கோப்பில் கோத்து வைப்பவர். நானும் அந்த மரபில் ஊறியவன்தான். விதிகளின் மேல் எனக்கு ஒரு நாளும் புகார் இருந்ததில்லை. விதி எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று யோசிக்காதவர்கள் மேல்தான் புகார்.

குடியிருப்புக்கு எதிரே, வண்ணார்பேட்டைக்குப் போகும் சாலையில் பாய் கறிக்கடை வைத்திருந்தார். உரித்த ஆட்டை வாலோடு தொங்கவிடுவார். செம்மறி வால் ஒரு மாதிரி, வெள்ளாட்டு வால் ஒரு மாதிரி; இன்னதுதான் விற்கிறேன் என்று சொல்லாமல் சொல்லும் முறை அது. அந்த வருடம் கறி விலை சில மாதங்களுக்குள் இரண்டு முறை ஏறியது. மழை பொய்த்து மேய்ச்சல் காய்ந்துகிடந்தது. இருந்த ஆடுகளையும் கேரளத்து லாரிகள் சந்தையிலேயே வளைத்துக்கொண்டு போயின. இதையெல்லாம் பாய் பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் கடை நிறைய ஆள் நிற்கும்போது சிரஸ்தார், "என்ன பாய், போன வாரம் ஒரு வெல, இந்த வாரம் ஒரு வெலயா? என்ன கணக்கு இது?" என்று விசாரணைக் குரலில் கேட்க, பாய் கத்தியைத் தீட்டியபடி, "ஆட்டுக்கிட்டதான் கேக்கணும் ஸார்" என்றுவிட்டார். கடையே சிரித்தது. சிரஸ்தார் சிரிக்கவில்லை.

அன்று மாலையே மொட்டைமாடியில் கூட்டம். "நேரா சந்தைக்குப் போயி நாமளே ஆடு புடிப்போம். நடுவுல கசாப்புக்காரன் எதுக்குவே?" என்றார் சிரஸ்தார். சங்கம் உருவாயிற்று. கூறு போடுவது யார் என்று பேச்சு வந்ததும் எல்லோரும் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்கள். "கறி திங்குதவன் கூறு போட்டா நல்ல எலும்ப அவன் பக்கம் ஒதுக்கிருவான். வே, நீரு சைவம்தான? நீருதான் இதுக்குச் சரியான ஆளு" என்று என் பக்கம் கை நீட்டினார். கைதட்டினார்கள். என் மறுப்பைக் குறித்துக்கொள்ளும்படி கேட்டேன். குறித்துக்கொண்டார்கள்.

இரண்டொரு நாளில் பாய் என் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை, வாசலிலேயே நின்றார். "நீங்க கறி திங்காத ஆளு. கோவமில்லாம கேப்பீங்கன்னு வந்தேன். வார நாள்ல எனக்கு ஒரு ஆடு ஓடுததே பெரும்பாடு ஸார். ஞாயித்துக்கெழம குவாட்டர்ஸ் யாவாரத்துலதான் கடையே நிக்குது. தீவாளிக்குப் பொறவு கார்த்திகை, மார்கழின்னு பாதிப் பேரு மாலை போட்டுருவாங்க. தீவாளி யாவாரம் கைய விட்டுப் போச்சுன்னா கடைய மூட வேண்டியதுதான்" என்றார்.

"வெலையக் கொஞ்சம் கொறச்சா என்ன பாய்?"

"கொறைக்கலாம். யாரு வயித்துல அடிச்சிக் கொறைக்க? ஆட்டுக்காரரு வயித்துலதான். லாரிக்காரன் இஷ்டத்துக்கு வருவான், இஷ்டத்துக்கு நிப்பான். நான் வாரந்தவறாம எடுக்கேன், அவரும் வாரந்தவறாம தாராரு. அதுலதான் ரெண்டு குடும்பமும் ஓடுது. அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கப்புடாது. அதுக்காக சிரஸ்தார் ஸார் முன்னால வந்து கையக் கட்டிட்டு நிக்கவும் என்னால ஆவாது."

அவர் சொன்ன ஆட்டுக்காரரை எனக்கும் தெரியும். அம்பாசமுத்திரத்துப் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு மிஞ்சியிருந்த துண்டு வயலில் பிசானப் பருவ நெல் அறுப்பு முடிந்ததும் அவர்தான் கிடை போடுவார். ராத்திரி முழுக்க மந்தையை வயலில் அடைத்து வைப்பார்; ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம், அவருக்கு நெல் கூலி. அந்த மந்தையின் பொலிக்கிடாவையும் எனக்குத் தெரியும். பெட்டை ஆடுகளைச் சினைப்படுத்த விட்டிருந்த கிழட்டுக் கிடா அது. ஒரு கொம்பு பாதியில் ஒடிந்தது. வரப்பில் நின்ற என்னை அந்நியன் என்று முடிவுசெய்து முட்ட வந்து, என் குடையை முறித்துப் போட்டது. ஆட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

பாய் சொன்னதைச் சிரஸ்தாரிடம் சொன்னேன். "பரிதாபப்பட்டு வெல குடுக்க நாம என்ன தர்ம ஸ்தாபனமாவே?" என்று முடித்துவிட்டார்.

முதல் சில வாரங்கள் சங்கத்துக்கு ஒரே பெருமை. பிறகுதான் கணக்கு இடித்தது. உயிரோடு நிற்கும் ஆட்டின் எடையில் தோலும் தலையும் குடலும் போனால் பாதியளவுதான் கறி என்பது, இவ்வளவு காலம் தின்றவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. தரகு, ஆட்டோ வாடகை, பேட்டையிலிருந்து வரும் வெட்டுக்காரருக்குக் கூலி, ஆடு அறுக்கும் தொட்டியில் கட்டணம் எல்லாம் சேர்ந்தபோது பாய் கடை விலை கிட்டத்தட்ட வந்துவிட்டது. தொட்டிக்குக் கொண்டுபோய்ச் சுகாதார முத்திரை வாங்காமல் கூறு போட மாட்டேன் என்று நான் பிடிவாதமாக இருந்ததே காரணம் என்று சிலர் முணுமுணுத்தார்கள். யாரும் பாய் கடைக்குத் திரும்பிப் போகவில்லை. சங்கம் வைத்தாயிற்றே! எதிர்ச்சாரியில் பாய் ஞாயிறுதோறும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஆட்டுக்காரரிடம் ஆடு எடுப்பதையே நிறுத்திவிட்டார். லாரிகளும் அந்தச் சமயம் பார்த்து நின்றன. கேரளத்தில் வேறெங்கிருந்தோ மலிவாக ஆடு இறங்குகிறதாம்.

தீபாவளி நெருங்கியது. இந்த முறை முறையாகச் செய்வோம் என்று சிரஸ்தார் மூன்று தரகர்களிடம் எழுத்து மூலம் விலைப்புள்ளி கேட்டார். உயிர் எடைக்கு இன்ன விலை என்று மூவரும் கொடுத்தார்கள். அதில் ஒன்று மற்ற இரண்டையும்விட வெகு குறைவு. ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்கும் பத்தி எங்கள் விதியில் கிடையாது. ஆட்டைப் பார்த்து வர என்னைச் சந்தைக்கு அனுப்பினார்கள்.

சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசி முடித்துவிட்டு ஒருவர் திரும்பினார். எங்கள் ஆட்டுக்காரர்தான். பக்கத்தில் கயிற்றோடு நின்றது, ஒரு கொம்பு ஒடிந்த அந்தக் கிடா. எங்களுக்குக் குறைந்த விலைப்புள்ளி கொடுத்த தரகர் கைக்குக் கயிறு மாறிக்கொண்டிருந்தது.

"இவன எதுக்குவே விக்கீரு?" என்றேன்.

"பொட்டையெல்லாம் போயாச்சி அண்ணாச்சி. இவன மட்டும் வச்சிக்கிட்டு என்ன செய்ய? பாய் வாராவாரம் எடுத்த மட்டும் தீவனத்துக்கும் மருந்துக்கும் கையில நாலு காசு பொரண்டுச்சி. அவரு இப்பம் எடுக்கல. நான் இங்கன ஒண்ணு ரெண்டாக் கொண்டாந்து, தரகரு சொன்ன வெலைக்குக் குடுத்துக் குடுத்தே மந்தை கரைஞ்சி போச்சி. கேட்டா, பாய்க்கு யாவாரமில்லையாம். யாரோ ஆபீஸ்காரங்க கூட்டுச் சேந்து ஆடு புடிக்காங்களாம்லா? ஒங்களுக்குத் தெரியுமா அண்ணாச்சி?"

"தெரியும்" என்றேன்.

கிடாவின் கழுத்தைச் சொறிந்துவிட்டு, "ஒங்க கொடைய ஒடிச்சவன்லா" என்றார். இந்த முறை சிரிக்கவில்லை.

திரும்பி வந்து சிரஸ்தாரிடம் சொன்னேன்: அது கிழட்டுப் பொலிக்கிடா, கறி வேகாது, வாடையடிக்கும், அதை விற்கிறார் என்றால் ஒரு மந்தையே அழிந்துவிட்டது என்று அர்த்தம், பேசாமல் இந்தத் தீபாவளிக்குப் பாய் கடையிலேயே வாங்கிவிடுவோம், அவர் கடையாவது பிழைக்கும். சிரஸ்தார் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "நீரு என்னைக்குவே கறி தின்னீரு, வேகுமா வேகாதான்னு சொல்லுததுக்கு? கொறஞ்ச விலைப்புள்ளிய ஒதுக்கணும்னா காரணம் எழுதணும். ஆட்டுக்காரன் மேல பாசம்னு எழுதவா?"

கிடா வந்தது. தீபாவளி காலையில் எங்கள் குடியிருப்பில் வெடிச் சத்தத்தைவிடக் குக்கர் சத்தம்தான் அதிகம். விசில் மேல் விசில். இட்டிலி ஆறி, பிள்ளைகள் அழுது, நடுப்பகலுக்குப் பிறகும் கறி ரப்பர் மாதிரி இழுத்தது. வாடை மாடிப்படி முழுக்க நின்றது. சிரஸ்தார் வீட்டு அம்மாள் சட்டியோடு வந்து, எல்லோரும் பார்க்க, மோட்டார் அறைக்குப் பின்னால் தெரு நாய்களுக்குக் கொட்டினாள். நாய்களும் யோசித்துத்தான் தின்றன. சங்கம் அதன் பிறகு கூடவில்லை. கலைப்பதற்கான தீர்மானம்கூடப் போடவில்லை. அதுவும் முறைகேடுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தூக்குவாளிகள் பாய் கடைக்குத் திரும்பின. கொக்கிகளில் ஒன்றும் தொங்கவில்லை. வாசலில் கம்பிக்கூண்டு, உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பிராய்லர் கோழிகள். "தீவாளிக்குச் சந்தையில எடுத்து அறுத்ததுல பாதி அப்படியே நின்னு போச்சி" என்றார் பாய். "இது அப்படியில்ல. வண்டி வந்து எறக்கிட்டுப் போவும். வெலையையும் அவங்களே போன்ல சொல்லிருவாங்க. எனக்கு வெட்டுத வேலை மட்டுந்தான்." கோழி மலிவாக இருந்ததால் எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். அடுத்த அறுப்புக்குப் பிறகு எங்கள் வயலுக்குக் கிடை வரவில்லை. குத்தகைக்காரர் யூரியா மூட்டைக்குக் காசு கேட்டு நின்றார். ஆட்டுக்காரர் ஏதோ மில்லில் காவலுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

இன்றைக்கு ஆட்டுக்கறி விற்கும் விலையை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அன்று வாராவாரம் வாங்கிய வீடுகளில் இப்போது தீபாவளிக்கும் விருந்தாளிக்கும்தான் வாங்குகிறார்கள். வளர்க்கிறவர் கட்டுபடியாகவில்லை என்கிறார், விற்கிறவர் மிஞ்சவில்லை என்கிறார், வாங்குகிறவர் கொள்ளை என்கிறார். மூன்று பேரும் சேர்ந்து ஒரு நாளாவது உட்கார்ந்து பேசியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

சிரஸ்தாரும் நானும் ஓய்வுபெற்று இந்தப் பக்கத்திலேயே வீடு கட்டிக்கொண்டோம். காலையில் சேர்ந்து நடக்கிறோம். சென்ற மாதம் அவருக்குக் கோழி வாங்க வேண்டியிருந்தது. பாய் கண் மங்கி, தாடி வெளுத்து, அதே கடையில் அதே மரக்கட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். கோழி நிறுவையில் ஏறியது. சிரஸ்தார் கைத்தடியை ஊன்றியபடி நிதானமாகச் சொன்னார்:

"ஆட்டுக்கறி இப்பம் என்ன வெல விக்குது பாத்தீங்களா பாய்? நீங்க அன்னைக்கு அவசரப்பட்டு மாத்தாம, ஆட்டுக் கடையவே வச்சிருந்திருக்கலாம். நல்லா சம்பாதிச்சிருப்பீங்க."

பாய் நிறுவையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சாலையைப் பார்த்தேன்.

"தோலோட வேணுமா ஸார்," என்று கேட்டார் பாய், "உரிச்சிரவா?"