கத்தினால் எழுந்துவிட வேண்டும்

"…கத்துனா எழுந்துடணும், அவ்ளோதான். அழுதுகினு நின்னா உங்க அப்பாவ வரச் சொல்லிடுவேன், அப்பறம் இந்த மாடிப்படியே ஏறக்கூடாது பாப்பா," என்று சொல்லிக்கொண்டே சேகர் அண்ணன் ஹெட்போனை என் தலையில் மாட்டினார். எனக்கு முன்னால் கேம் ஆடியவனின் வியர்வையும் தேங்காய் எண்ணெயும் ஊறிய பஞ்சு என் காதில் ஒட்டிக்கொண்டது.

ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியில் இருந்தது அவருடைய பிரவுசிங் சென்டர். பெண்பிள்ளைகள் அங்கே ஏறுவது பிரிண்ட் எடுக்க மட்டும்தான். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பேய்ப்படம் வந்தால் தலையணையில் முகம் புதைப்பவள். "இவளா? டிவிக்கே கண்ண மூடிக்குவா," என்று பெரியப்பா மகன் குமார் சிரித்த சிரிப்புதான் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னை அந்த நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைத்தது.

கேமில், விண்வெளியில் மிதக்கும் ஒரு கப்பல். எல்லோரும் செத்துக்கிடக்க, மிஞ்சிய ஒரே மெக்கானிக் நான். உள்ளே ஒரு ஜந்து என்னைத் தேடித் திரிகிறது. லிஃப்டில் ஏறிவிட்டால் பிழைத்தேன். சென்டரில் ஒருவரும் அதுவரை லிஃப்டைத் தொட்டதில்லை. ஜந்து இரும்புக் கதவை அறையும் இடத்திலேயே கத்திவிட்டு எழுந்துபோனார்கள்; குமார் இரண்டு தடவை.

எனக்கு அந்தக் கதவுச் சத்தம் உறைக்கவில்லை. தறிக்குப் பக்கத்தில் பாய் போட்டுத் தூங்கி வளர்ந்தவளைச் சத்தம் என்ன செய்யும்? அலமாரிக்குள் கம்மென்று ஒளிந்திருந்தேன். திடீரென்று கப்பலின் இயந்திரம் நின்று, எல்லாம் அமைதியாகிவிட்டது. எங்கள் வீட்டில் பகலில் தறிச்சத்தம் நின்றால் இழை அறுந்தது என்று அர்த்தம். சின்ன விரல்காரி நான்தான் ஓடிப்போய் அறுந்த நுனியைத் தேட வேண்டும். "சத்தம் நின்னா போய் இன்னான்னு பாரு, ஒக்காந்துகினு யோசிக்காத," என்பாள் அம்மா. யோசிக்காமல் அலமாரியை விட்டு வெளியே வந்தேன். ஜந்து எதிரிலேயே நின்றிருந்தது.

"சத்தம் நின்னா எவளாவது எழுந்து போவாளாடி!" குமார் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். ஆனால் செத்தேனே தவிர, கத்தவில்லை. நாற்காலி என்னுடையதுதான்.

"ஒளிஞ்சுகினே இரு பாப்பா, எல்லாரும் அப்பிடித்தான் ஆடறாங்க," என்றார் சேகர் அண்ணன்.

"அப்பிடி ஒளிஞ்சவங்கள்ல யாருண்ணா லிஃப்ட்ல ஏறுனாங்க?"

இன்னொரு முறையும் அதே இடத்தில் செத்தேன். மூன்றாம் முறை ஒளியவே இல்லை. நேராக இயந்திர அறைக்குப் போய் நின்றேன். சத்தம் நின்றதும் ஜந்து தூரத்தில் வெறும் அலமாரியை அடித்துக்கொண்டிருக்க, நான் கைப்பிடியை இழுத்தேன். இயந்திரம் உறுமியது, லிஃப்டில் விளக்கு எரிந்தது, ஓடி ஏறினேன். கதவு மூடுகிற கடைசி இடுக்கில் நகம் நீண்ட ஒரு கை பாய்ந்து திரை முழுக்க நிறைந்தது. அறையில் ஒரு கூச்சல் எழுந்தது.

இன்று அந்த மாடியில் செல்போன் கவர்கள் தொங்குகின்றன. ஒரே திரையை ஒருவர் தோள்மேல் ஒருவர் சாய்ந்து, ஒன்றாக மூச்சடக்கிப் பார்த்த கூட்டமும் இல்லை. நான் மட்டும் விடவில்லை. சொந்தக் கம்ப்யூட்டரில் தனியாக இன்னும் ஆடுகிறேன். "ரெண்டு புள்ள பெத்தவளுக்கு இன்னாத்துக்கு இந்த வேல?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதில்லை, சவுண்டைக் கூட்டி வைக்கிறேன்.

அன்றைக்கு "ஐயோ யம்மா!" என்று கத்தியது நானல்ல, என் தலைக்கு மேலாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த சேகர் அண்ணன். கையிலிருந்த டீ அவர் சட்டையில் கொட்டியிருந்தது.

"கத்துனா இன்னாண்ணா பண்ணணும்?" என்றேன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் கவுண்டருக்குப் போய், அவரைத் தவிர யாரும் உட்கார்ந்தறியாத சுழல் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து எனக்குப் பின்னால் நிறுத்தினார். சாயங்காலம் கடை சாத்தும்வரை நின்றுகொண்டே இருந்தார்.