கன்னிமூலையில் கனகாம்பரம்

தச்சநல்லூரில் அந்தப் பழைய வீட்டை வாங்கிக் குடிவந்ததும் நான் இரண்டு தோட்டங்கள் போட்டேன். ஒன்று புறவாசலில், மற்றொன்று இணையத்தில். சொந்தமாக ஒரு தளம். கத்தரிக்கு ஒரு பக்கம், கறிவேப்பிலைக்கு ஒரு பக்கம் என்று அரைகுறையாகவே எழுதி வைப்பேன். செடி வளர வளர அதன் பக்கத்திலும் நாலு வரி கூடும். முகவரியை என் கணவரைத் தவிர யாருக்கும் சொன்னதில்லை.

தென்மேற்கே, கன்னிமூலைக்கும் ஒரு பக்கம் உண்டு. அங்கே நான் வைத்த எதுவும் பிழைக்கவில்லை. வெண்டை கருகியது, புதினா அழுகியது. வைக்காத கனகாம்பரம் மட்டும் பிடுங்கப் பிடுங்க வந்தது. மழை விழுந்தால் அதன் காய்ந்த நெற்றுகள் பட், பட்டென்று வெடிக்கும். யாரோ விரல் சொடுக்குவது போலிருக்கும். ஒரு தடவை சமையலறையிலிருந்து "யாரு?" என்றுகூடக் கேட்டுவிட்டேன்.

சித்திரையில் கோடைமழை பெய்ததும், மதில் தெரியப் படமெடுத்துப் போட்டு எழுதினேன்: 'ஞாயிற்றுக்கிழமை இந்த மூலையை ஆழமாகக் கொத்தி மஞ்சள் போடப்போகிறேன்.'

சனிக்கிழமை காலையில் அதன் கீழே பெயரில்லாமல் ஒரு குறிப்பு வந்திருந்தது. 'தோண்டாதீங்க. அங்கன ஆள் இருக்கு.'

மதியம்வரை புறவாசல் கதவைத் திறக்கவில்லை.

மறுநாள், கணவர் வெளியே போயிருந்த நேரத்தில், வாசலில் ஓர் அம்மாள் வந்து நின்றார். அறுபது வயதிருக்கும். குறிப்பு எழுதியது தான்தான் என்றார். சேரன்மகாதேவியிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார்.

"முப்பது வருசத்துக்கு முன்னால இந்த வீட்டுல வாடகைக்கு இருந்தோம்மா. கனகாம்பரத்துக்கு என்ன மருந்து அடிக்கணும்னு போன்ல தேடுனேன். உன் படம் வந்துச்சு. மதில் மேல பதிச்ச பச்சைக் கண்ணாடிச் சில்லைப் பாத்ததும் தெரிஞ்சிட்டு."

புறவாசலுக்கு வழிகாட்ட வேண்டியிருக்கவில்லை. அவரே போய் அந்த மூலையில் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"ஏழாம் மாசத்துலயே பொறந்துட்டா. அழவே இல்ல. எங்க வீட்டுக்காரரு இங்கனதான் புதைச்சாரு. அடையாளத்துக்கு நான் செடி வச்சேன்."

"எடுத்துட்டுப் போறீங்களாம்மா?" என்றேன். எவ்வளவு அபத்தமான கேள்வி என்பது கேட்ட பிறகே உறைத்தது.

"எதுக்கும்மா? இங்கனயே கெடக்கட்டும். உன் பிள்ளைக ஓடியாடி வெளையாடும்லா, அந்தச் சத்தம் அவளுக்குக் கேக்கும்."

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. காப்பி குடித்துவிட்டு, மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

கணவரிடம், "மஞ்சளை வேற எடத்துல போட்டுக்கிடுவோம்" என்று மட்டும் சொன்னேன். தளத்தில் கொத்துவதைப் பற்றிய வரியை அழித்தேன். படத்தை விட்டுவைத்தேன்.

துணி காயப்போடும்போதெல்லாம் இப்போது அந்தப் பக்கம் பார்த்துக் கொஞ்சம் சத்தமாகவே பேசுகிறேன். இன்றைக்கு என்ன குழம்பு, கத்தரி எத்தனை காய்த்தது என்று. யாரிடம் பேசுகிறேன் என்று கணவர் கேட்டதில்லை. போன வாரம் அவரும் அங்கே நின்று பைய ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டார்.