மாடிக்கு ஒரு பூ

எங்கள் அலுவலகக் கட்டடத்தைக் கட்டியவன் மட்டும் கையில் கிடைத்தால் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: உனக்கு சிமெண்டைத் தவிர வேறு நிறமே தெரியாதா? எந்த மாடியில் ஏறி நின்றாலும் அதே நீள நடை, அதே பழுப்புக் கதவுகள், மூலையில் சொட்டிக்கொண்டிருக்கும் அதே குடிநீர்க் குழாய். சான்றிதழ் வாங்க வந்தவர்கள் வரி கட்டும் வரிசையில் நின்று, முறை வந்த பிறகு தலையில் அடித்துக்கொள்வதை தினமும் பார்க்கிறேன். நான் இங்கே லிஃப்ட் ஆபரேட்டர். லிஃப்ட் ஓடும் நாட்களைவிட, 'பழுது' என்ற பலகைக்கு நான் காவல் இருக்கும் நாட்கள்தான் அதிகம்.

இந்தக் கட்டடத்தில் வழி தவறாத ஒரே ஆள் என் தங்கச்சி புருஷன். மாடிக்கு மாடி ஃபைல் கொண்டுபோகும் பியூன். மீசை அரும்பிய வயதில் சேர்ந்தவர், இப்போது ஓய்வு பெறப்போகும் வயது. லிஃப்டில் ஏறுவது அவருக்கு மானக்கேடு. "உங்க பெட்டி கிளம்பறதுக்குள்ள நான் போயிட்டே வந்துடுவேன் மச்சான்" என்பார். சொன்ன மாதிரியே வந்தும் காட்டுவார். அதனால் எல்லோருக்கும் அவர் 'எக்ஸ்பிரஸ்'. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

அப்படிப்பட்ட மனுஷன் போன வருஷம் திடீரென்று பூந்தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். படி முடியும் இடத்தில் மாடிக்கு ஒன்று வைத்தார். முதல் மாடியில் மஞ்சள் சாமந்தி, இரண்டாவதில் வெள்ளை நந்தியாவட்டை, மூன்றாவதில் ஜன்னல் கம்பியைப் பிடித்து ஏறும் நீலச் சங்குப்பூ, அதற்கு மேலே ரோஜா.

"என்ன எக்ஸ்பிரஸ், புதுப் பழக்கம்?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில். "செடின்னா எனக்கு உயிர் சார்."

எனக்குத் தலை சுற்றியது. வீட்டில் ஒரு செடிக்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி அறியாதவர். இவருக்கு எங்கிருந்து உயிர் வந்தது? ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது, அந்த அழுமூஞ்சிக் கட்டடத்துக்குக் கொஞ்சம் களை வந்தது. "சங்குப்பூ மாடி எதுங்க?" என்று ஜனங்கள் கேட்டு ஏற ஆரம்பித்தார்கள். வரிசை மாறி நிற்பது குறைந்தது.

ஒரு மத்தியானம் ஃபைலோடு என் எதிரில் வந்து நின்றார்.

"மச்சான், மஞ்சளுக்கு அடுத்தது வெள்ளைதானே?"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அதான் சுவத்துல மாடி நம்பர் எழுதியிருக்கே மாப்பிள்ளை."

"எழுதியிருக்கு. படிக்கிறேன். படிச்சுட்டுத் திரும்பினா, எதுக்குப் படிச்சோம்னு மறந்து போயிடுது. பூ மட்டும்தான் நிக்குது." குரல் தழைந்தது. "உங்க தங்கச்சிகிட்ட சொல்லிடாதீங்க. தெரிஞ்சா வேலைக்கு விட மாட்டா. வீட்ல உக்காந்தேன்னா மிச்சமும் போயிடும்."

"இந்த யோசனை எப்படி வந்துச்சு?"

"எங்க குடியிருப்புலயும் எல்லா வாசலும் ஒரே மாதிரிதானே. உங்க தங்கச்சி என்னமோ திடீர்னு ஒரு செவப்புச் செம்பருத்தி வாங்கி வச்சா. அதப் பாத்தா நம்ம வீடுன்னு பட்டுனு தெரியுது."

அவள் எப்போது செடி வளர்க்க ஆரம்பித்தாள்? குடும்பத்தோடு என்ன ஆயிற்று இவர்களுக்கு? ஒன்றும் புரியாமல் சரி என்று தலையாட்டினேன்.

அப்புறம் புது மேலதிகாரி வந்தார். நல்ல அம்மா, குறை சொல்ல முடியாது. எல்லோரையும் கூட்டி வைத்து, "இவரைப் பாத்து நாம கத்துக்கணும்" என்று மாப்பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். கையோடு ஒரு பரிசையும் அறிவித்தார். இனி கட்டடம் முழுக்க ஒரே சீராக, வெள்ளைத் தொட்டிகளில் ஒரே நிறக் காகிதப்பூச் செடி. பழைய தொட்டிகள் சைக்கிள் நிறுத்தத்துக்குப் பின்னால் போயின. எல்லோரும் கைதட்டினார்கள், மாப்பிள்ளையும் தட்டினார். அந்த அம்மாவிடம் உண்மையைச் சொன்னால் இவர் வேலை போகும், சொல்லாவிட்டால் இவரே போய்விடுவார். யோசித்து யோசித்து, வாயைத் திறக்காமலே அன்றைய பொழுது போய்விட்டது.

மறுநாள் காலை, ஃபைல் வரவில்லை என்று மேலிருந்து சத்தம். லிஃப்ட் வழக்கம்போல் பழுது. மூச்சு வாங்க ஏறினேன். ரோஜா இருந்த மாடியில், படியில் உட்கார்ந்திருந்தார். ஃபைல் மடியில் இருந்தது.

"ஏறினாலும் இதே பூ, இறங்கினாலும் இதே பூ மச்சான். நான் ஏறினேனா இறங்கினேனா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஃபைலை நான் கொடுத்துவிட்டு, அரை நாள் லீவு சொல்லி, அவர் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப் போனேன். குடியிருப்புப் படியில் பூனைக்குட்டி மாதிரி கூடவே வந்தார். செம்பருத்தியைப் பார்த்ததும் என் கையை உதறினார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "இன்னைக்கு சீக்கிரம் விட்டுட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

தங்கச்சி கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

"மாடி மாறிடுச்சாண்ணே?"

"உனக்கு எப்படி..." என்று ஆரம்பித்தேன்.

"ஒரு நாள் கீழ் வீட்டுக் கதவைத் தட்டி, திறந்த பொண்ணைப் பாத்து 'நீ யாரும்மா'ன்னு கேட்டுட்டாரு. அப்புறம்தான் இந்தத் தொட்டிய வச்சேன். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா நொறுங்கிப் போயிடுவாரு. தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க."

அவளுக்கும் தலையாட்டினேன். யாரிடமிருந்து யாரைக் காப்பாற்றுகிறேன் என்பதே எனக்குக் குழம்பிவிட்டது.

"நாளைக்கு அவர வேலைக்கு அனுப்பட்டுமா வேண்டாமா?"

"தெரியலம்மா" என்றேன். சத்தியமாகத் தெரியவில்லை.

படியிறங்கினேன். கீழ் வீட்டு வாசலில் அந்தப் பெண் குனிந்து, புதுத் தொட்டி ஒன்றை நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள். சிவப்புச் செம்பருத்தி, அச்சு அசல் மேலே இருப்பதேதான்.

"மேல் வீட்டு அக்காவைப் பாத்துதான் அங்கிள் வாங்கினேன். இந்த சிமெண்டு மூஞ்சிக்கு அழகா இருக்குல்ல?"

"ரொம்ப அழகும்மா" என்று சொல்லிவிட்டுத் தொட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். "இத எனக்குக் குடுத்துடு. நாளைக்கு உனக்கு நந்தியாவட்டை ஒண்ணு கொண்டாந்து தர்றேன். வெள்ளை."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எதுக்கு அங்கிள்?"

"செடின்னா எனக்கு உயிரும்மா" என்றேன்.