சன்னல் கட்டையில் இருந்த சொட்டு மருந்து

பொம்மைக்குக் கண் எழுதும்போது நாங்கள் இமைக்க மாட்டோம். விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது முதலில் சொல்லித்தந்ததே அதுதான். மூச்சைப் பிடி, இமைக்காதே, ஒரே இழுப்பில் கோட்டை முடி. கொலு சீசன் வந்தால் காலையிலிருந்து பொழுது சாயும்வரை இதே வேலை. முகத்துக்கு நேரே டேபிள் ஃபேன், முதுகுப்பக்கம் சூளையின் அனல்.

எனக்குக் கண் உறுத்த ஆரம்பித்தது அப்படித்தான். மணல் விழுந்த மாதிரி இருக்கும், பிறகு பொலபொலவென்று தண்ணீர் ஊற்றும். எழுதிய கோடு கலங்கித் தெரியும். கண் போனால் எனக்கு வேறு என்ன வேலை தெரியும்? அந்தப் பயத்தில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன்.

பக்கத்துப் பலகையில் உட்காரும் அக்காதான் சன்னல் கட்டையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து நீட்டினார். "ஒரு சொட்டு வுட்டுக்க. ஐஸ் வச்ச மாதிரி இருக்கும்."

அவருடைய மாமியாருக்குப் புரை ஆபரேஷன் செய்தபோது எழுதிக்கொடுத்த மருந்து அது. மாமியாருக்குச் சில வாரங்களோடு முடிந்துவிட்டது. அக்கா மட்டும் காலி பாட்டிலைக் காட்டிக் காட்டி மெடிக்கலில் வாங்கி, வருஷக்கணக்காகப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் கண் பளிச்சென்று இருக்கும். எனக்கு அதில் பொறாமைகூட உண்டு. நானும் ஒன்று வாங்கிக்கொண்டேன்.

கொஞ்ச நாளாக அக்காவின் கைதான் தடுமாறியது. இடப்பக்கம் வைத்த சாயக் கிண்ணத்தைத் தட்டிவிடுவார், காயவைத்த பொம்மைகளில் இடித்துக்கொள்வார். "என்னக்கா, நெனப்பு எங்க இருக்குது?" என்று கேலி செய்வோம். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

மருந்து போட்டதும் என் உறுத்தல் நின்றது. பிறகு முன்னைவிட மோசமாகத் திரும்பி வந்தது. கடைசியில் கண் டாக்டரிடம் போனேன். டாக்டரம்மா கீழ் இமைக்குள் ஒரு காகிதத் துண்டைச் செருகி, அது எவ்வளவு நனைகிறது என்று பார்த்தார்.

"கண்ணு காய்ஞ்சு போயிருக்குதும்மா."

"தண்ணியா ஊத்துது, காய்ஞ்சிருக்குன்றீங்களே?" எனக்குக் கோபமே வந்துவிட்டது.

இமைக்காமல் இருந்தால் கண்ணின் ஈரம் ஆவியாகிவிடும், எண்ணெய்ப் பசை இல்லாத வெறும் தண்ணீர் சுரந்தாலும் தங்காமல் வழிந்துவிடும் என்று பொறுமையாக விளக்கினார். மூடிய இமைமேல் வெதுவெதுப்பான துணி வைக்கச் சொன்னார், ஃபேனைத் திருப்பி வைக்கச் சொன்னார், ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவே கண்ணை முழுசாக மூடித் திறக்கச் சொன்னார். கண்ணீருக்குப் பதிலாக ஒரு சொட்டு மருந்தும் எழுதினார். இவ்வளவுதானா என்று நிம்மதியாக இருந்தது.

"இதுவரைக்கும் என்ன போட்டீங்க?"

பாட்டிலைக் கொடுத்தேன். அவர் முகம் மாறியது. உடனே என் கண்ணின் அழுத்தத்தை அளந்தார்.

"நீங்க தப்பிச்சீங்க. இது ஸ்டீராய்டு. டாக்டர் பாக்காம வருஷக்கணக்கா போட்டா அழுத்தம் ஏறி, கண் நரம்பு கெட்டுக்கிட்டே வரலாம். வலிக்காது. ஓரத்துலருந்து பார்வை போகும். போனது திரும்பாது."

ஓரம் என்றதும் அந்தச் சாயக் கிண்ணம் ஞாபகம் வந்தது.

மறுநாள் விடிந்ததும் பட்டறைக்கு ஓடினேன். அக்கா அம்மன் பொம்மைக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல் இடப்பக்கம் போய் நின்று, அவர் கன்னத்துக்குப் பக்கத்தில் கையை நீட்டி அசைத்தேன். அவர் திரும்பவில்லை. கோட்டை முடித்துப் பொம்மையைத் தூக்கிப் பார்த்தார். கோடு அத்தனை சுத்தமாக இருந்தது.

"அவள இன்னும் காணோமே, டாக்டர் என்ன சொன்னாங்களோ" என்று எதிரே இருந்தவளிடம் கேட்டபடி, சன்னல் கட்டையில் பாட்டிலைத் துழாவினார்.

நான் கையை நீட்டியபடியே நின்றுகொண்டிருந்தேன்.