பெஞ்சில் உட்கார்ந்த கீப்பர்

என் மகள் இந்திய ஜெர்சி போட்டதைத் தெருவே கொண்டாடியது. அந்த ஜெர்சியோடு பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பாள் என்பதை மட்டும் யாரும் எங்களிடம் சொல்லவில்லை. அணியில் அவள் இரண்டாவது கோல் கீப்பர். மற்ற ஆட்டக்காரர்களை ஆட்டத்தில் பல முறை மாற்றுவார்கள், கீப்பரை மட்டும் மாற்ற மாட்டார்கள். முதல் கீப்பருக்கு ஏதாவது ஆனால்தான் இவள் இறங்கலாம்.

வெளிநாட்டில் நடந்த பெண்கள் ஹாக்கிப் போட்டி அது. திருவெறும்பூரில் எங்கள் வீட்டு டிவியில் மத்தியானம் நேரலையாக வரும். ஆட்டத்தைவிட நான் பெஞ்சைத்தான் தேடுவேன். கேமரா அந்தப் பக்கம் திரும்பினால் இரண்டு விநாடி தெரிவாள், காலில் பெரிய பேடுகளும் மடியில் ஹெல்மெட்டுமாக. எதிர்வீட்டு அம்மாள் ஒருநாள், உங்கள் பெண் எப்போதுதான் ஆடும் என்று கேட்டார். ரசம் கொதிக்கிறது என்று சொல்லி உள்ளே வந்துவிட்டேன். அன்றைக்கு நான் ரசமே வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி ஸ்ரீரங்கம் போவேன். தாயார் சன்னிதியில் ஒரே வேண்டுதல்தான்: என் பெண் ஒரு ஆட்டமாவது இறங்க வேண்டும். இதைக் கேட்ட என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "அப்படின்னா அந்தப் பொண்ணு விழணும்னு வேண்டிக்கிறே" என்றார். எனக்குச் சுர்ரென்று வந்தது. அன்று அவருக்குக் காபி கிடையாது. அவர் சொன்னது உண்மை என்பதால் வந்த கோபம் அது.

அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். வடக்கே எங்கோ ஊர். முந்தின வருஷம் பயிற்சி முகாம் முடிந்து என் மகளோடு வந்து இரண்டு நாள் எங்கள் வீட்டில் தங்கினாள். தயிர்சாதத்துக்கு எலுமிச்சை ஊறுகாயை மூன்று தடவை கேட்டு வாங்கிக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் 'அம்மா' ஒன்றுதான், அதை வைத்தே என்னோடு இரண்டு நாளும் பேசிவிட்டாள். போகும்போது தன் கையுறைகளை என் மகளிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

அரையிறுதி முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது, எதிரணி அடித்த பந்து அவள் கழுத்தில் பட்டது. அப்படியே சாய்ந்தாள். நான் கை தட்டிவிட்டேன். ஒரே ஒரு தட்டு. பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

பெஞ்சில் என் மகள் ஹெல்மெட் மாட்டி எழுந்து நின்றாள். அதற்குள் அந்தப் பெண் தண்ணீர் குடித்து, தலையை ஆட்டிவிட்டு, கோலுக்குப் போய் நின்றுகொண்டாள். நாங்கள் ஜெயித்தோம்.

மறுநாள் மகள் போன் செய்தாள். குரலே சரியில்லை. "அம்மா, அக்கா விழுந்த உடனே நான் ஹெல்மெட்டை மாட்டிட்டேன்மா. மாட்டுனதுக்கு அப்புறம்தான் அவங்களுக்கு என்னாச்சோன்னே தோணுச்சு. மேட்ச் முடிஞ்சதும் அவங்கதான் என் பேடைக் கழட்டிவிட்டாங்க."

நல்ல அம்மாவாகப் புத்தி சொல்ல வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"நான் கை தட்டினேன்டி" என்றேன்.

இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம்.

அந்த வெள்ளிக்கிழமை அர்ச்சனைக்கு இரண்டு பெயர் சொன்னேன். ஒருத்தியின் நட்சத்திரம் எனக்குத் தெரியவில்லை. இரண்டும் உங்கள் பெண்களா என்று பட்டர் கேட்டார். பின்னால் வரிசை நின்றது, விளக்கிக்கொண்டிருக்க முடியாது. ஆமாம் என்றேன்.

இறுதி ஆட்டத்திலும் என் மகள் இறங்கவில்லை. அது இன்னும் எனக்கு வலிக்கிறது. ஆனால் அன்று நான் பெஞ்சைத் தேடவில்லை, கோலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் எவ்வளவு நன்றாக ஆடுகிறாள் என்பதை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன்.